கடலிலிருந்து 300 மீட்டர்: அந்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். அவருக்கு சிறுசேரியில் வேலை. ஈசிஆரில் கானத்தூர் பக்கம், சாலைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒரு மனைப்பிரிவில் தனி வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். ஒரு கிரவுண்டு மனை. கீழ்தளம் 2012-இல் கட்டியது. மாடி நாலைந்து வருடம் கழித்து எடுத்ததாம். 2 கோடியே 10 லட்சம் கேட்கிறார்கள். கடலிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருப்பதால் சிஆர்இசட் எனும் கடலோர விதிப் பிரச்சினை கிடையாது, பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, ஏற்கெனவே வங்கி லோன் கொடுத்த வீடு என்கிறார் புரோக்கர். புதிதாக பெயின்ட் அடித்து வீடு பளிச்சென்று இருக்கிறது. தண்ணீர் நல்ல தண்ணீர் என்கிறார்கள். மாமியார் மட்டும் சுனாமியை நினைத்து வேண்டாம் என்கிறார். அடுத்த வாரம் 10 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? இன்னொரு சின்ன சந்தேகம்: ஜன்னல் கிரில்லை எல்லாம் எஸ்.எஸ். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிவிட்டால் துரு தொல்லை இருக்காதுதானே?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: அடுத்த வாரம் கொடுக்காதீர்கள். வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தில் இருக்கும் விவரத்தை மட்டும் நம்பி 10 லட்சத்தைக் கைமாற்ற முடியாது, அவ்வளவுதான். புரோக்கர் சொன்ன 300 மீட்டர், பஞ்சாயத்து அப்ரூவல், வங்கி லோன் மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் உங்களுக்கு வேண்டிய பதில் அதில் இல்லை.

மேடவாக்கத்திலோ தாம்பரத்திலோ வீடு வாங்குகிறவர், கட்டடம் பழசானால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் வாங்குகிறார். கொடுக்கும் காசில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான். கடலோரத்தில் அந்தத் தைரியத்தைச் சட்டம் எல்லா மனைக்கும் தருவதில்லை. உப்புக் காற்றோ, கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களைவிட இங்கே கட்டடத்தைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இன்னும் இருபது வருடத்தில் இந்த வீடு கெட்டுப்போனால், இதே மனையில் திரும்பக் கட்ட விடுவார்களா? இதற்கு எழுத்தில் பதில் கிடைத்த பிறகு மற்றதைப் பேசலாம்.

முதலில் அந்த 300 மீட்டர். எங்கிருந்து எங்கே அளந்தார்கள்? புரோக்கர்கள் பெரும்பாலும் கைபேசி வரைபடத்தில் தண்ணீர் விளிம்பில் விரலை வைத்து வீட்டு வாசல் வரை இழுப்பார்கள். சட்டம் அளப்பது எச்.டி.எல். எனப்படும் உயர் அலைக் கோட்டிலிருந்து. அது மணல் பரப்பின் மேல்பக்கம் இருக்கும். கடற்கரையின் அகலம் 60, 70 மீட்டர் என்றால் உங்கள் 300 அங்கேயே 230, 240 ஆகிவிடும். அளக்க வேண்டியது மனையின் கடல் பக்க எல்லை வரைக்கும். வீட்டு வாசல் வரைக்கும் அல்ல.

அடுத்தது, 300 மீட்டரில் இருந்தால் சிஆர்இசட் இல்லை என்பதே தவறு. கடலோர ஒழுங்காற்று மண்டல விதி 1991-இல் வந்தது, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. மூன்றிலும் கடலைப் பொறுத்தவரை அதன் எல்லை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்தான். பஞ்சாயத்துப் பகுதிகள் பொதுவாக சிஆர்இசட்-3 வகையில் வரும். 2011 விதிப்படி அதில் முதல் 200 மீட்டர் கட்டடம் கட்டக்கூடாத பகுதி. ஏற்கெனவே அனுமதியோடு நிற்கும் கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், பழைய அளவு மீறாமல் திரும்பக் கட்டலாம், அதற்கு மேல் எதுவும் கிடையாது. 200-லிருந்து 500 வரை வீடு கட்டலாம். ஆனால் மீனவ கிராமம், பழைய ஊர்ப்பகுதி போன்ற இடங்களின் பாரம்பரிய உரிமைக்கு உட்பட்ட வீடாக இருக்க வேண்டும், தரைத்தளமும் ஒரு மாடியும்தான், உயரம் 9 மீட்டருக்குள். தென்னந்தோப்பையும் சவுக்குத் தோப்பையும் கூறு போட்டு கேட் வைத்த மனைப்பிரிவு இந்த வாசகத்துக்குள் சுலபமாக அடங்காது. 'அடங்கும்' என்று விற்பவர் சொன்னால், யார் எந்தக் கடிதத்தில் அப்படி ஒப்புக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.

'இப்போது 50 மீட்டர்தான் மேடம், ரூல் மாறிவிட்டது' என்றும் யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. 2019 அறிவிக்கைப்படி, 2011 மக்கள்தொகைக் கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப் பகுதிகளில் அந்தத் தடைப் பகுதி 50 மீட்டராகக் குறைகிறது. மற்ற கிராமங்களில் அதே 200. அதுவும் அந்தந்த மாநிலத்தின் கடலோர வரைபடம் புதிய விதிப்படி திருத்தி ஒப்புதல் பெற்ற பிறகுதான் செல்லும். ஆகவே புரோக்கரிடம் விதியைப் பற்றி வாக்குவாதம் செய்ய வேண்டாம். 'எங்கள் சர்வே எண்ணுக்கு இன்று செல்லுபடியாகும் வரைபடம் எது, அதில் இந்த மனை எந்தக் கோட்டுக்குள் விழுகிறது?' இது மட்டும் போதும்.

இதற்குப் பதில் தர ஆள் இருக்கிறார்கள். உயர் அலைக் கோட்டை வரையவும், ஒரு சர்வே எண்ணை அந்த வரைபடத்தின் மேல் பொருத்திக் காட்டவும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது: அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலை உணர்வு நிறுவனம். கட்டணம் கட்டினால் 1:4000 அளவு வரைபடத்தில் உங்கள் மனையைப் பொருத்திக் கொடுப்பார்கள். புலப்படம், பட்டா நகல் கேட்பார்கள், விற்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

பஞ்சாயத்து அப்ரூவலுக்கு வருவோம். இதில் மூன்று தனித்தனி அனுமதிகளை ஒன்றாகக் குழப்பி விற்கிறார்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையான டிடிசிபியோ சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவோ அனுமதி தர வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. வீட்டுக்குக் கட்டட அனுமதி தனி. கடலோர மண்டலத்துக்குள் விழுந்தால் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை இன்னொன்று. 20.10.2016-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளை 2017 விதிகளின் கீழ் வரன்முறை செய்தார்கள். உங்கள் மனைக்கும் அப்படி ஓர் ஆணை இருக்கலாம். இருந்தால் நல்லது, பத்திரப் பதிவில் தடங்கல் வராது. ஆனால் கடலோர விதி மத்திய அரசின் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. வரன்முறை ஆணை அதைத் தொடாது.

வங்கி லோன் கொடுத்தது என்ற வாதத்துக்குக் கேரளத்தின் மரடு ஒன்றே போதும். கொச்சி காயலோரம் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள். மரடு அப்போது பஞ்சாயத்து. கட்டட அனுமதி 2006-இல் பஞ்சாயத்து கொடுத்தது. வாங்கியவர்களில் வங்கிக் கடன் வாங்கியவர்களும் உண்டு. கடலோர விதியை மீறி, கடலோர ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் கட்டியதற்காக 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடைக்கால இழப்பீடாக ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் 25 லட்சம் தரச் சொன்னது நீதிமன்றம். வங்கியின் வக்கீல் பார்ப்பது பெரும்பாலும் பத்திரத் தொடர்ச்சியை, அடமானம் செல்லுமா என்பதை. கட்டடம் போனாலும் தவணை போகாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஈசிஆரில் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. தனி வீட்டை இடிக்க ஆள் வருவது அரிது. அதைவிட அதிகம் நடப்பது வேறு: பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது, அடுத்து வாங்குகிறவரின் பொறியாளர் இதே கேள்விகளைக் கேட்பார், விலை அங்கே விழும்.

இப்போது அந்த மாடி. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். 'கீழ்தளம் 2012, மாடி நாலைந்து வருடம் கழித்து' என்கிறீர்கள். மாடிக்குத் தனியாக அனுமதி வாங்கினார்களா? அனுமதி வரைபடத்தில் என்ன இருக்கிறது, தரையில் என்ன நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பக் கட்டும் சலுகை 'அனுமதி பெற்ற' கட்டடத்துக்குத்தான், அதுவும் இருந்த அளவுக்கு. அனுமதியில்லாத மாடிக்கு நீங்கள் சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்தால், திரும்பக் கட்ட முடியாத ஒன்றுக்குக் கொடுக்கிறீர்கள். என் மதிப்பீட்டில் அப்படிப்பட்ட மாடிக்கு விலை பூஜ்யம். அதை இடித்தெடுக்க வேண்டி வந்தால் ஆகும் செலவையும் விலையில் கழிக்க வேண்டும். விற்பவர் கட்டட அனுமதிக் கோப்பைக் காட்ட மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீங்களே கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். 'அடுத்த வாரம் அட்வான்ஸ்' என்று அவசரப்படுத்துவது இந்த 30 நாளை உங்களுக்குத் தராமல் இருப்பதற்காகவும் இருக்கலாம்.

தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா, நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேடு எல்லாம் வக்கீல் பார்க்கட்டும். கடலோரத்துக்கென்று ஒன்று மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்: மூல சர்வே எண் அ-பதிவேட்டில் புறம்போக்காகவோ கோயில், அறக்கட்டளை நிலமாகவோ இருந்ததா? நீங்கள் இன்னும் தெற்கே நெம்மேலி, பட்டிபுலம் பக்கம் பார்த்திருந்தால் ஆளவந்தார் அறக்கட்டளை நிலங்களை வைத்தே ஒரு பாடம் நடத்தியிருப்பேன். கடற்கரைக்குப் போக மனைப்பிரிவுக்கென்று 'தனி கேட்' இருப்பதாகச் சொன்னால் அந்தக் கேட்டுக்கு வெளியே உள்ள நிலத்தின் வகைப்பாட்டையும் பாருங்கள். வலை காயவைக்கவும் படகு ஏற்றவும் குப்பத்துக்காரர்கள் தலைமுறையாகப் பயன்படுத்தும் புறம்போக்கை வேலி போட்டு 'பிரைவேட் பீச்' என்று விற்றவர்கள் உண்டு. அந்த வழக்கு விற்றவரைத் தேடிப் போகாது, குடியிருக்கும் உங்களைத் தேடி வரும்.

சரி, காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் எப்படி?

விற்பதற்கு முன் அடித்த பெயின்ட் எனக்குப் பிடிக்காது. பெயின்டர் எட்டாத இடங்களுக்குப் போங்கள். மேல்நிலைத் தொட்டியின் அடிப்பாகம், மாடிப்படி மேலறையின் கூரை, கடல் பக்கத்து சன்ஷேடின் அடிப்புறம், குளியலறையின் லாஃப்ட், கார் நிற்கும் இடத்து உத்தரங்கள். கான்கிரீட்டில் கம்பி ஓடும் வரிசையிலேயே நேராக ஒரு விரிசல் ஓடினால், அது பூச்சு விரிசல் அல்ல. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. துருவாக மாறிய இரும்பு முன்பு பிடித்த இடத்தைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைத் தள்ளித்தான் அது இடம் பிடிக்கும். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் 'ணங்' என்று திரும்பப் பேசும். விட்டுப்போன இடம் 'பொத்' என்று உட்காரும். காதுக்குப் பழக்கம் வேண்டியதில்லை, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாருக்கும் தெரியும்.

ஃபேன் மாட்டும் கொக்கியைப் பாருங்கள். பெயின்டர்கள் பெரும்பாலும் ஃபேனைக் கழற்றுவதில்லை, மேலே உள்ள கிண்ணத்தைச் சுற்றி பிரஷ்ஷை ஓட்டிவிட்டுப் போவார்கள். ஏணி போட்டு அந்தக் கிண்ணத்தைக் கீழே இறக்குங்கள். கொக்கி செதில் செதிலாக உதிர்ந்து, பழுப்புப் பொடி கிண்ணத்தில் தேங்கி, கொக்கியைச் சுற்றிக் கூரை லேசாக உப்பியிருந்தால், அந்த ஸ்லாபில் மற்ற கம்பிகளும் எந்த நிலையில் இருக்கும் என்று ஊகிக்கலாம். சுவிட்ச் போர்டு திருகுகள், கேட் கீல், ஏசியின் வெளி யூனிட் ஆகியவையும் கொஞ்சம் சொல்லும். ஆனால் அவை மாற்றக்கூடியவை. கொக்கி ஸ்லாபோடு பிறந்தது.

இன்னும் நல்ல சாட்சி பக்கத்து வீடு. மனைப்பிரிவில் அதே வருடம் அதே மேஸ்திரி கட்டி, இன்னும் பெயின்ட் அடிக்காத வீடு ஏதாவது இருக்கும். அந்த வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். விற்கிற எண்ணம் இல்லாதவர் உண்மையைச் சொல்வார், அதோடு சங்கத்துக்கு யார் பணம் பாக்கி என்பதையும் சொல்வார்.

இவ்வளவு கவலை எதற்கு என்றால், சாதாரண மேஸ்திரி வேலையின் அளவு வேறு, கடலோரத்துக்கு வேண்டிய அளவு வேறு. ஐஎஸ் 456 தரநிர்ணயம் கடலோரச் சூழலுக்குத் திறந்திருக்கும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 தரமும், கம்பியை மூடும் கான்கிரீட்டான கவர் 45 மில்லிமீட்டரும் கேட்கிறது. கடல் நீர்த் திவலை படும் இடமானால் எம்-35, 50 மில்லிமீட்டர். ஈசிஆரில் அந்தக் காலத்து வீடுகளில் எம்-20 கலவையும், ஸ்லாபில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்கும்தான் சகஜம். போர் தண்ணீரிலேயே கலவை போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது அதே தரநிர்ணயம். மாடி பின்னால் எடுத்தது என்பதால், கீழ்தளத் தூண்களில் விட்டுவைத்த கம்பிகள் நாலைந்து வருடம் உப்புக் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றிருக்கும். அந்தத் துருவைச் சுரண்டிவிட்டுக் கட்டினார்களா, அப்படியே கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றினார்களா? முதல் மாடித் தூண்களின் அடிப்பகுதியில் ஓர் அடி உயரத்துக்கு உப்பல், விரிசல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

கண்ணுக்கு எல்லாம் தேறினால், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தை வைத்து மூன்று சோதனை செய்யுங்கள்: கவர் அளக்கும் மீட்டர், துரு நடக்கிறதா என்று காட்டும் ஹாஃப்-செல் சோதனை, கான்கிரீட்டைத் துளைத்து எடுத்த தூளில் குளோரைடு அளவு. கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு வந்தால் பூச்சு வேலையால் தீராது. இரண்டு கோடி ரூபாய் விஷயத்தில் இந்தச் சோதனைச் செலவு பெரிய பணமே அல்ல. விற்பவர் சுவரைத் துளைக்க விடமாட்டேன் என்றால், தொட்டியின் அடியிலும் படி மேலறையிலும் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

தண்ணீர். 'நல்ல தண்ணீர்' என்பதை எந்த மாதத்தில் சொன்னார்கள்? மழை முடிந்த ஜனவரியில் ஈசிஆர் மணல் முழுக்க இனிப்புத் தண்ணீர்தான். மே மாதத்தில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு, பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. இந்தக் கடற்கரை மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேலே அந்த ஒரு மீட்டரை உறிஞ்சி இறக்கிவிட்டால் கீழேயிருந்து உப்பு மேலே ஏறும். அதனால்தான் பழைய ஆட்கள் இங்கே உறை கிணறு தோண்டினார்கள். ஆழ போர் போட்டவன் முதலில் உப்பைக் குடிப்பான். மனைப்பிரிவில் எத்தனை வீடு, எத்தனை போர், எத்தனை நீச்சல் குளம் என்று எண்ணுங்கள். கேட்டில் டேங்கர் லாரி வந்து போகும் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உறை கிணற்றுக்குப் பக்கத்திலேயே அடுத்த வீட்டு செப்டிக் டேங்க் இருந்தால், உப்பைவிட அதுதான் பிரச்சினை. மணல் எதையும் தடுத்து நிறுத்தாது.

மாமியார் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த தலைமுறை அவர். ஆனால் சுனாமிக்கு இன்று எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது, 2007-லிருந்து ஹைதராபாத்தில் இயங்குகிறது. உயிருக்கு வழி, எச்சரிக்கை கேட்டதும் ஈசிஆரைத் தாண்டி மேற்கே போவது. மனைப்பிரிவின் கேட்டிலிருந்து சாலைக்கு நேர்வழி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பொறுத்தவரை நான் சுனாமியைவிட அரிப்பையும் புயலையும் பார்ப்பேன். நம் கடற்கரையில் மணல் வருடக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் துறைமுகமோ கல் கரையோ நீட்டினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் கரையைத் தின்னும். மெரினா அகலமானதும், துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இப்படித்தான். உங்கள் மனைப்பிரிவுக்குத் தெற்கே அப்படிக் கல் போட்டிருக்கிறார்களா, முட்டுக்காடு முகத்துவாரம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களுக்குப் போனால் கரை நகர்ந்தது கண்ணுக்கே தெரியும்.

கடல் தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த மணல் மேட்டைச் சமப்படுத்தியிருந்தால், அது இரண்டு விதத்தில் கெட்டது. மணல் மேடு விதிப்படி சிஆர்இசட்-1 வகை, தொடவே கூடாது. மேடு போனால் அலைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்த ராத்திரி தண்ணீர் எதுவரை வந்தது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். புதிய வாட்ச்மேன் என்றால் குப்பத்தில் கேளுங்கள்.

காப்பீடு எடுத்தால் ஆயிற்று என்று நினைப்பீர்கள். பாரத் கிருக ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் சேரும், அவசியம் எடுங்கள். துரு சேராது.

விலை. 2.10 கோடி போக, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் உண்டு. முழுத் தொகைக்கும் பதிவு செய்தால் ஏறக்குறைய 19 லட்சம். 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீத வரியைப் பிடித்து நீங்கள்தான் அரசுக்குக் கட்ட வேண்டும், அதை விற்பவர் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். இந்த வீடு எனக்கு என்ன மதிப்பு என்றால்: மனையும் கீழ்தளமும் அனுமதியோடு, வரைபடத்தில் கட்டத் தடை உள்ள பகுதிக்கு வெளியே இருந்தால், மனை விலையும் தேய்மானம் போன கீழ்தளமும். மாடிக்கு அனுமதி இருந்தால் அதையும் சேர்க்கலாம். கட்டத் தடை உள்ள பகுதிக்குள் விழுந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். வார இறுதிக்கு வந்து போகிறவர் வாங்கட்டும், உங்கள் சேமிப்பு முழுவதையும் போட்டுக் குடியேறும் வீடு அது அல்ல.

விற்பவர் விடாமல் அவசரப்படுத்தினால் 10 லட்சத்துக்குப் பதில் ஒரு லட்சம், காசோலையாக, எழுத்துபூர்வமான கிரய ஒப்பந்தத்தோடு கொடுங்கள். அதில் மூன்று மாத அவகாசமும், சர்வே எண்ணைப் பொருத்திய கடலோர வரைபடமோ கட்டட அனுமதிக் கோப்போ குளோரைடு சோதனையோ பாதகமாக வந்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும் என்ற வாசகமும் இருக்கட்டும். 'அதெல்லாம் எங்கள் பழக்கத்தில் கிடையாது' என்றால் உங்கள் ஒரு லட்சமும் மிச்சம்.

கிரில் சந்தேகம்: 304 கடல் காற்றில் சில மாதத்திலேயே டீக்கறை மாதிரி பழுப்பாகும். உடையாது, ஆனால் அசிங்கமாக இருக்கும், தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடல் பக்கத்து ஜன்னல்களுக்கு 316 போடுங்கள். அதில் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பைத் தாங்கும். மற்ற பக்கங்களுக்கு 304 போதும். வெல்டிங் செய்த இடங்களை நன்றாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடச் சொல்லுங்கள், கறை முதலில் அங்கேதான் கிளம்பும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஏசியின் வெளி யூனிட்டைக் கடலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.